ஆணியடித்த கொல்லைக் கதவு

"இந்தக் கதவு திறக்காதும்மா. என் உசுரு இருக்கிற வரைக்கும் திறக்காது" என்றார் தச்சர், கொல்லைக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றபடி.

வீடு விதிப்படி இருக்கிறதா என்று சோதிக்க வந்திருந்த நகராட்சி ஆய்வாளர் சின்ன வயசுப் பெண். கோபப்படவில்லை. மாடியில் குடித்தனம் வைத்திருக்கிற வீட்டுக்குக் கொல்லையிலிருந்து சந்துக்குப் போக ஒரு வழி இருந்தே ஆக வேண்டும், அதுவும் உள்ளேயிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்றாள். நாளைக்கே தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று நிதானமாகக் கேட்டாள்.

"எவன் புகார் கொடுத்தான்? அவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்று தச்சர் மதில் தாண்டிக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். மாடிப்படியில் நின்ற குடித்தனக்கார நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

சமையலறை வாசலில் நின்ற தச்சரின் மனைவி மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். புகார் கொடுத்தது நர்ஸாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். பாவம், அந்தப் பெண்மேல் தப்பில்லை. சொல்லப்போனால் யார் கொடுத்திருந்தாலும் அவர்கள் காலில் விழுந்து கும்பிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரே மகள் அந்தக் கதவு வழியாகத்தான் போனாள். தனக்குப் பிடித்தவனைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று அவள் சொல்ல, அப்பாவும் மகளும் மாறிமாறிக் கத்த, ஒரு பையோடு சந்தில் இறங்கிவிட்டாள். தச்சர் அன்றைக்கே கதவில் வரிசையாக ஆணி அடித்தார். இந்தக் கதவைத் திறந்தால் நான் ஆம்பளையே இல்லை என்று தெருவே கேட்கச் சத்தியம் பண்ணினார். மகளுடைய அறையையும் பூட்டினார். அதற்குள் கால் வைக்க மாட்டேன் என்பது இன்னொரு சத்தியம்.

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அப்பனுடைய பிடிவாதம் அவளிடமும் அப்படியே இருந்தது. முன்வாசல் வழியாகக் கூட்டிப்போகிறேன் வா என்று அம்மா எத்தனையோ தரம் கெஞ்சிப் பார்த்தாள். அப்பா கையால் அந்தக் கதவைத் திறக்கட்டும், போன வழியாகவே வருகிறேன் என்பதுதான் மகளின் பதில். காய்கறி வாங்கப் போகிற சாக்கில்தான் அம்மா அவளைப் பார்த்து வந்தாள். பேத்தி பிறந்ததும் அப்படித்தான் தெரியும். இப்போது குப்புற விழுந்து நகரப் பார்க்கிறது, வாயில் ஒரு பல்கூட முளைத்தாகிவிட்டது. அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் காய்கறிக்குப் போவதும் நின்றுவிடுமே என்ற பயம். இவர் கதவைத் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டால் அந்தக் குழந்தைக்குத் தாத்தா மடி என்பதே இல்லாமல் போய்விடுமே என்று நினைத்து நினைத்து அழுதிருக்கிறாள்.

கதவு திறக்காவிட்டால் மாடியைக் காலி பண்ணச் சொல்ல வேண்டியிருக்கும் என்று ஆய்வாளர் முடிவாகச் சொன்னாள்.

"காலி பண்ணட்டும்" என்றார் தச்சர்.

அதற்கு மேல் மனைவி பொறுக்கவில்லை. கொல்லையில் இறங்கி அவர் எதிரில் வந்து நின்றாள்.

"திறந்துடுங்க. இத்தனை வருஷத்துல உங்க பேச்சுக்கு நான் மறுபேச்சு பேசினதில்லை, இன்னைக்குப் பேசுறேன். மாடியில இருக்கறதும் யாரோ பெத்த பொண்ணுதான். நம்ம வீம்புக்கு அவ நடுத்தெருவுல நிக்கணுமா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. பிறகு போய்த் தன் சாமான் பெட்டியிலிருந்து ஆணி பிடுங்குகிற சுத்தியலை எடுத்து வந்தார்.

"எல்லாரும் நல்லாப் பார்த்துக்கங்க. நானாத் திறக்கலை. சட்டம் திறக்கச் சொல்லுது" என்று தையல்காரர் பக்கம் திரும்பிச் சொன்னார். சொல்லிவிட்டு முதல் ஆணியில் சுத்தியலைக் கொடுத்து நெம்பினார்.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலமே மகளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். வந்து நிற்கிறவளை இவர் வாசலிலேயே வைத்துத் திட்டி அனுப்பாமல் இருக்க வேண்டுமே என்ற கவலை உடனே தொற்றிக்கொண்டது. கதவைத் திறக்கச் சட்டம் இருக்கிறது, மனசைத் திறக்க எந்த ஆபீசில் போய் நிற்பது?

ஆய்வாளர் அவளை நெருங்கி, உள் அறையின் பலகைத் தரையையும் பார்க்க வேண்டும் என்றாள். சாவியை எடுத்து வந்து அவள் மகளின் அறையைத் திறந்துவிட்டாள். ஆய்வாளர் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். ஈரம் ஏறி, ஜன்னலோரப் பலகைகள் உளுத்துப் பிளந்திருந்தன. இதையும் இழைத்து மாற்றியாக வேண்டும் என்றாள்.

"பூட்டியே கெடக்கிற அறைம்மா இது. நான் ஒருத்திதான் எப்பவாவது பெருக்குவேன். தரை இப்படி இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

ஆய்வாளர் அவளை ஆச்சரியமாகப் பார்த்தாள். கொல்லையில் அடுத்த ஆணி கிறீச்சிட்டுக்கொண்டு வெளியே வந்தது.

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. ஆபீசுக்கு வந்து, தெருவுல ஆள் இருக்கிற நேரமா வந்து கதவைத் திறக்கச் சொல்லுங்க, நான் கத்துவேன், கோவிச்சுக்காதீங்கன்னார். அப்படியே, பேத்தி தவழப்போற தரை, கையில சிராய் ஏறிடக் கூடாது, அதையும் மாத்தச் சொல்லி உத்தரவு போட்டுடுங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டார்."