நாற்பத்தோராவது மனு

"இந்த அரசு வீட்டுத் திட்டத்துல மொத்தமே நாப்பது வீடுதாம்மா. உங்க மனு நாப்பத்தொண்ணாவது," என்றார் ஊராட்சி அலுவலக கிளார்க்.

மகளுக்கு முகம் தொங்கிப்போனது. ஒற்றை அறையில் தனியாக இருக்கும் அப்பாவுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிடலாம் என்று ஆசைப்பட்டு வெளியூரிலிருந்து வந்திருந்தாள். கூட வந்திருந்த அப்பா சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுபது வீடுன்னுதானே சார் பேச்சு?" என்றாள் மகள்.

"ஆமா. ரெண்டு வருஷம் முன்னால ஒருத்தர் தபால்ல ஆட்சேபணை எழுதி அனுப்பினாரு. கண்ட வெளியூர்க்காரங்களும் வந்து குடியேறி ஊரே கெட்டுப்போகும்னு. பிளான்ல ஒரு வரிசையையே எடுத்துட்டாங்க."

"யாரு சார் அந்தப் புண்ணியவான்?"

"பேரெல்லாம் சொல்லக் கூடாதும்மா. ஆனா எழுத்து இருக்கே, அச்சடிச்ச மாதிரி!"

சிரித்துக்கொண்டே முத்திரை குத்த அவள் மனுவை எடுத்தார் கிளார்க். முதல் வரியிலேயே சிரிப்பு நின்றுபோனது.

"இதை... யாரும்மா எழுதினது?"

"எங்கப்பாதான் சார்," என்றாள் மகள் பெருமையாக. "அவர் எழுதிக் கொடுத்து எந்த ஆபீஸ்லயும் நடக்காம போனதில்ல."

அப்பாவின் கை, சட்டைப் பையிலிருந்த பேனாவை மெல்ல மூடி மறைத்தது.