விளிம்புக்குக் கீழே ஒரு சாண்

பாதாமியின் சிவப்புப் பாறைமேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. தரையிலிருந்து நூறடி உயரத்தில், வெளியே துருத்தி நிற்கும் விளிம்புக்கு ஒரு சாண் கீழே, சங்கவ்வா ஒரு கையின் இரண்டு விரல்களில் தொங்குகிறாள். பாறையேறுவதையே பிழைப்பாகக் கொண்ட முதல் பெண் அந்தப் பக்கத்தில் அவள்தான். இந்த இடம் மூன்று ஆண்டுகளில் நாற்பது முறை அவளைத் தள்ளிவிட்டிருக்கிறது. ஆண்களிலும் ஒருவர்கூட இதைத் தாண்டியதில்லை. பிடி வழுக்காமலிருக்க, இடுப்புப் பையிலிருக்கும் வெள்ளைப் பொடியில் மற்றொரு கையைத் தோய்க்கிறாள். விரலில் சுற்றிய பிளாஸ்திரியின் ஓரம் ரத்தம் கசிகிறது. கீழே ஏரிப் படிகளில் துணி துவைக்கும் சத்தம் நின்றுபோகிறது. "ஏ சங்கவ்வா, எம் மருமக பரண்ல ஏறவே பயப்படுறா, நீ அங்க என்னடி பண்றே?" என்று ஒருத்தி கத்துகிறாள். "சும்மா இருங்கக்கா, அவ கை வழுக்கிடப்போவுது" என்று, பாறையடியில் நின்று அவள் இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்கும் ஈரண்ணா அதட்டுகிறான். சங்கவ்வாவுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. சிரித்ததும் தோளின் நடுக்கம் அடங்குகிறது. உடம்பு முழுவதையும் வீசி விளிம்பை எட்டிப் பிடிக்கிறாள். கால்கள் இரண்டும் பாறையை விட்டுக் காற்றில் ஆடுகின்றன. விரல்கள் விளிம்பை விடவில்லை. முழங்கையை ஊன்றி, வயிற்றை இழுத்து, மேலே புரண்டு விழுகிறாள். படிகளில் ஓவென்று கூச்சல் எழுகிறது. ஈரச் சேலைகள் தலைக்குமேல் சுழல்கின்றன.

பாறையில் ஒரு பாதையை முதலில் ஏறி முடித்தவரே அதற்குப் பெயர் வைப்பது வழக்கம். "தங்கச்சி, பேரு என்னன்னு எழுத?" என்று ஈரண்ணா கீழிருந்து கேட்கிறான். அவள் எழுந்து நிற்கிறாள். கைகளை வாயருகே குவித்து, ஏரியின் அக்கரைக்கும் கேட்கும்படி, தன் பெயரையே கூவுகிறாள்.