அழாத பிள்ளை

"பயிற்சி முடியாம அவள எதுக்குத் தூக்குன? அழுவுறப்ப தூக்குனா அது அழுகைக்கு வலுவூட்டல்னு எத்தன தடவ..."

"அழுவலீங்க! அவ அழுவாததாலதான் தூக்குனேன். இந்தக் கையப் பாருங்கன்னா..."

"சுவத்தப் பாரு புள்ளே, பச்சையாத்தான எரியுது? எல்லாம் சரியா..."

"சுவத்துக்கு என்னங்க தெரியும்?"

சுவரில் பதித்திருந்த பயிற்சி விளக்கு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை அழாமல் இருந்தால் அதில் ஒரு நட்சத்திரம் மின்னும். அழுதால் சிவக்கும், பெற்றவர்கள் பிள்ளை பக்கமே திரும்பக் கூடாது. குறைவதற்கு முன் அழுகை ஒருமுறை உச்சத்துக்குப் போகும் என்று விளக்கை மாட்ட வந்தவர்கள் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். போகத்தான் செய்தது. அன்று தனபால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வளர்மதி புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்கப்புறம் வீட்டில் சத்தமே இல்லை. தெருவுக்கெல்லாம் ஜாங்கிரி கொடுத்தார்கள்.

இன்று காலை, நாலு வயது நிறைமதி கொதிக்கிற இட்லிப் பானை மூடியை வெறுங்கையால் பிடித்திருக்கிறாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வளர்மதி அதைக் கண்டது மத்தியானம், சோறு ஊட்ட உட்கார்ந்தபோதுதான்.

தனபால் ஒருவழியாக அந்தக் கையைப் பார்த்தான். குழந்தையிடம் குனிந்தான்.

"வலிக்குதா அம்மிணி?"

குழந்தை ஆமாம் என்று தலையாட்டியது. ஆட்டிவிட்டு, நட்சத்திரம் வருகிறதா என்று விளக்கைப் பார்த்துச் சிரித்தது.

வளர்மதி அவள் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா இங்கதான் இருக்கேன் சாமி. ஒருக்கா, ஒரே ஒருக்கா அழு சாமி..."