ஏழு கட்டில்

இந்தக் காலத்து ஆட்கள் வேலை பழகுவதற்கு முன்னாலேயே சிரிக்கப் பழகிவிடுகிறார்கள் என்பது மூக்கையாவின் முறைப்பாடு. எஹலியகொடயில், கடைசி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லத்திலும் தாதி தர்மிளா சிரித்துக்கொண்டேதான் வந்தாள். புற்றுநோயில் படுத்துவிட்ட மனைவி புஷ்பத்தை இங்கே விடலாமா என்று பார்க்க வந்திருந்தார் அவர்.

விரிப்பை முகர்ந்தார். கஞ்சியைத் தொட்டுச் சூடு பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

"எத்தனை பேரு?"

"ஏழு பேருங்க ஐயா. ரெஜிஸ்டர பாருங்க."

அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் றப்பர் மலையில் முப்பது வருஷம் கங்காணியாக இருந்து, காலைப் பெரட்டில் ஆள் எண்ணியவர். வராத ஆளுக்குப் பேர் போடும் களவும் தெரிந்தவர்.

"பெரட்டுல மாதிரி பேர வாசி. நான் எண்ணிக்கிறேன்."

அவள் ஏழு பேர் வாசித்தாள். கட்டில் கட்டிலாக "ஆங்" வந்தது. மூக்கையா எட்டு விரல் மடக்கியிருந்தார்.

"திரும்ப வாசி புள்ள."

இம்முறை வாய்களைப் பார்த்தார். ஏழாவது கிழவர் வாயை மூடிய பிறகு, புஷ்பத்துக்காக விரித்து வைத்திருந்த வெறும் கட்டிலிலிருந்து ஒரு சின்ன இருமலும், "ஆங்" என்ற பதிலும் வந்தன. நாற்பது வருஷமாக அவர் கேட்டுவரும் புஷ்பத்தின் இருமல்.

"ஏழுதானேங்க? அம்மாவ எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

"எங்கிட்டயே பொய்ப் பேரு போடுறியா?"

படியிறங்கி பஸ் ரோட்டுக்கு நடந்தார். சட்டைப் பையில் போன் இருந்தது. புஷ்பம் படுத்திருக்கும் லயத்து வீட்டுக்கு எடுத்து, அவள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். எட்டாவது விரலை மடக்கியபடியே, போனைத் தொடாமல் நடந்தார்.