மீன்பெட்டி மேல் ஷூ

கடல் இன்னும் காதுக்குள் இருந்தது.

தலையைச் சாய்த்துத் தட்டினாள். போகவில்லை.

ஹெல்மெட்டை மாட்டினாள். வாரைத் தாடைக்குக் கீழே இழுத்தாள். போதவில்லை. இன்னும் இழுத்தாள்.

நீச்சல் முடிந்தது. இனி சைக்கிள். இறங்கிய உடனே ஓட்டம். நெடுந்தூர டிரையத்லானில் நடுவே உட்கார இடமில்லை.

நீச்சலில் பயமில்லை. ஓட்டத்திலும் இல்லை.

நடுவில்தான் அந்தப் பாலம்.

பாலம் என்றுகூடச் சொல்ல முடியாது. உப்பளங்களுக்குக் கடல்நீர் போகும் ஓடை. மேலே சாலை. ஓரத்தில் முழங்கால் உயரச் சுவர்.

முன்பொரு காலையில் உப்பு லாரி ஒன்று உரசுவதுபோல் கடந்தது. அவள் அந்தச் சுவரில் போய் விழுந்தாள். தோள் எலும்பு போனது. ஹெல்மெட் பிளந்தது.

அதன்பின் இரண்டு மழைக்காலம் சைக்கிள் ஆணியில் தொங்கியது.

இப்போது ஞாயிறுதோறும் பயிற்சியில் முயல்கிறாள். ஞாயிறுதோறும் பாலம் கண்ணில் பட்டதும் கை தானாக பிரேக்கைப் பிடிக்கிறது. கால் தரையில் ஊன்றுகிறது. திரும்பி வந்துவிடுகிறாள்.

ஷூ மட்டும் போய்விடுகிறது.

ஓடுவதற்கான ஷூவை ஜெசிந்தா அக்காதான் கொண்டுபோவாள். மொபெட்டின் பின்னால் மீன்பெட்டி. பெட்டியைச் சுற்றிய கயிற்றில் ஷூ. பாலத்துக்கு அப்பால் உள்ள ஊரில், மாதா கோயில் மதிலோரம் அவள் மீன் விற்பாள். விற்று முடித்ததும் ஷூவைத் திருப்பிக் கொண்டுவந்து தருவாள். மண் படாத ஷூ. சாளை மீன் வாசத்தோடு.

"உன் ஷூவ அந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்ட்டி. உன்னத்தான் ஒருத்தருக்கும் தெரியாது."

அது போன ஞாயிறு.

இன்று கயிற்றை முடிச்சுப் போடும்போது அக்கா சிரிக்கவில்லை.

"இன்னைக்கும் வரலன்னு வையி, சாளையோட சேத்து வித்துருவேன். பொறவு எங்கிட்ட வந்து நிக்காத."

மிதித்தாள்.

எதிர்க்காற்று. கியரை மாற்றினாள். மறுபடி பழைய கியருக்கே வந்தாள். தண்ணீர் குடித்தாள். தாகமில்லை. புட்டியை வைத்த கை சும்மா இருக்கவில்லை, ஹெல்மெட் வாரைத் தொட்டுப் பார்த்தது.

உப்புக் குவியல்கள் வரத் தொடங்கின. கண் கூசியது. இனி ஒரு வளைவு. அதன்பின் சில பனைகள். அதன்பின்.

விரல்கள் பிரேக்கின் மேல் போய் உட்கார்ந்தன.

எடுத்தாள்.

மறுபடி உட்கார்ந்தன.

எப்போதும் முன்னால் போய்விடும் மொபெட் இன்று பின்னால் படபடத்தது. பக்கத்தில் வந்தது. வலப்பக்கம், ஒட்டினாற்போல்.

"ஏட்டி, ஐஸ் உருகுது. வழிய விடு."

"ரோடு முழுக்கக் காலியாத்தான கெடக்கு. போங்கக்கா!"

"இது இதுக்கு மேல போவாது. இம்புட்டு ஒல்லிச் சக்கரத்த வச்சிக்கிட்டு உனக்கென்ன வலிக்குது? கெழட்டு வண்டி. இத முந்த முடியல, பந்தயமாம்."

சுருக்கென்றது.

திரும்பி முறைத்தாள். அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில், பின்னால் வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இவள் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தாள். மொபெட்டும் விடவில்லை. மீன் வாசம் கூடவே வந்தது. தொடை எரிந்தது. இன்னும் மிதித்தாள். பெட்டி பின்தங்கியது. பிறகு சக்கரம். பிறகு சத்தம்.

மாதா கோயில் கோபுரம் தெரிந்தபோது மூச்சு நெஞ்சில் இல்லை.

சைக்கிளை மதிலில் சாய்த்தாள். மிதிக்கும் ஷூவை உதறினாள். மொபெட் வந்து நிற்பதற்குள் கயிற்றிலிருந்து தன் ஷூவைப் பிடுங்கினாள். உள்ளே ஐஸ்நீர். அப்படியே கால் நுழைத்து ஓடினாள்.

வந்த சாலையிலேயே ஓட வேண்டும். கால்கள் இன்னும் சைக்கிளிலேயே இருந்தன. தரையை மிதிக்காமல் காற்றைச் சுற்றின.

பின்னால் மீன் வாங்க வந்த பெண்களின் சிரிப்பு. ஒருத்தி கத்தினாள்.

"ஏட்டி, அத கழட்டிட்டு ஓடு! ஆகாசமா இடிஞ்சு விழப்போவுது?"

தலையைத் தொட்டாள்.

ஹெல்மெட்.

முதல் பந்தயத்தில் புதியவர்கள் செய்யும் தவறு. இவள் ஒருநாளும் செய்ததில்லை. இத்தனை அவசரமாக எதிலிருந்து இறங்கினாள்?

ஓடியபடியே வாரில் கை வைத்தவள், நின்றாள்.

பாலம் எங்கே?

வளைவு நினைவிருந்தது. பனைகள் நினைவில்லை. ஐஸ் உருகுது என்றது நினைவிருந்தது. கெழட்டு வண்டி என்றது நினைவிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் அக்கா மீன்பெட்டியைத் திறந்துகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஓடினாள்.

பனைகளுக்கு முன்பே பாலம் வந்தது. இந்தப் பக்கமிருந்து பார்க்கச் சின்னதாக இருந்தது. சுவரில் காரை பெயர்ந்த இடத்தின்மேல் யாரோ சுண்ணாம்பு அடித்திருந்தார்கள்.

எதிரே ஓர் உப்பு லாரி வந்தது. அசையாமல் நின்றாள். கடந்தது. காற்று அறைந்தது. உதட்டில் உப்பு.

வாரை அவிழ்த்தாள்.

கையில் பிடித்துக்கொண்டே ஓடலாம். பார்த்தாள். வேண்டாம்.

சுண்ணாம்பு அடித்த இடத்தில் ஹெல்மெட்டை மல்லாக்க வைத்தாள். காற்றில் உருளாதபடி உள்ளே ஒரு கல். பந்தயத்தில் வைப்பதுபோலவே வார்களை இரு பக்கமும் விரித்துவிட்டாள். சைக்கிள் எடுக்கத் திரும்பி வந்த கையோடு எடுத்து மாட்டும்படி.

பிறகு பாலத்தைத் தாண்டி, பனைகளைத் தாண்டி ஓடினாள்.

ஷூவுக்குள் ஐஸ்நீர் சளக் சளக் என்றது.