மலை தெரிந்த மனுஷன்

"உச்சியைப் பாக்காதமே. பாத்தீன்னா காலு செத்துப்பூடும். முன்னால வர்றதை மட்டும் பாரு."

பழவேற்காட்டுப் பாலத்தின் ஏற்றத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்த காந்தா, கூடவே ஓடி வந்த புருஷன் நாகப்பன் சொன்னபடி தலையைத் தாழ்த்திக்கொண்டாள். கேரியரில் ஈரவலை மூட்டை. எதிரே கடல்காற்று. ஊரைச் சுற்றித் தண்ணீரும் மணலும்தான். மேடு என்று சொல்லிக்கொள்ள இந்தப் பாலத்தை விட்டால் வேறு கதியில்லை.

மீஞ்சூர் சைக்கிள் சங்கத்துப் பெண்கள் ஏலகிரி மலைக்குப் போகிறார்கள். காந்தாவும் துணிந்து பேர் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் யோசித்தாள். ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள் மலையை எங்கே கண்டாள்? பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் மானம் கப்பலேறிவிடும். வேண்டவே வேண்டாம், பேரை அடித்துவிடச் சொல்லலாம் என்று கிளம்பினாள்.

அப்போதுதான் நாகப்பன் வாயைத் திறந்தான். கடலுக்குப் போக ஆரம்பிக்கும் முன்னால் லாரியில் கிளீனராக இருந்தானாம். ஏலகிரியில் அவன் ஏறாத நாளே கிடையாதாம். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் இந்த மனுஷன் மூச்சு விடவில்லையே என்று காந்தாவுக்கு ஒரே ஆச்சரியம்.

அன்று முதல் டச்சுக் கல்லறை வாசலிலிருந்து பாலம் வரைக்கும் தினமும் பாடம். நேராகப் போய் முட்டாதே, கொஞ்சம் சாய்த்து ஏறு என்பான். ஒன்று முடிந்தால் அடுத்தது வரும், நடுவில் கிடைக்கிற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள் என்பான். அவசரப்பட்டால் கவிழ்த்துவிடும் என்பான். மலையோடு கூடப் பிறந்தவன் மாதிரி அவன் பேசப் பேச, காந்தா வாயைப் பிளந்து கேட்பாள்.

அந்த நாளும் வந்தது. விடியற்காலையில் எதிரே ஏலகிரி நின்றது. அம்மாடி, பாதி வானத்தை அதுவே பிடித்துக்கொண்டிருந்தது. காந்தா சட்டென்று தலையைத் தாழ்த்திக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் சாய்த்து ஏறினாள், நடுவில் மூச்சு வாங்கினாள். எங்கேயும் காலை ஊன்றவில்லை. மேலே போய் நின்று, காலடியில் மேகம் நகர்வதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பின்னால் வேனில் வந்த நாகப்பனைத் தேடினாள். முன்சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்து, கண்ணை இறுக மூடி, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான்.

"இன்னாயா ஆச்சு? நீ ஏறாத மலையா?"

"நான் எங்கமே ஏறுனேன்? மலைன்னு ஒண்ணை இன்னைக்குத்தான் கண்ணால பாக்குறேன்."

காந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்ப இத்தினி நாளா எனக்கு இன்னாத்தை சொல்லிக்குடுத்த?"

நாகப்பன் ஒரு கண்ணை மட்டும் மெதுவாகத் திறந்தான்.

"முகத்துவாரத்துல பெரிய அலை வந்தா படகை எப்பிடி ஏத்துவேனோ, அதைத்தான்."