எட்டாவது துளை

கோணல் காட்டும் டயல் கேஜின் முள் ஆடியது. அவள் மெஷினை நிறுத்தி, மரை வெட்டும் டேப்பைப் பிடியிலிருந்து கழற்றினாள்.

இது மூன்றாவது முறை.

பிடியின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்து, விளக்குக்கு நேரே காட்டிப் பார்த்து, மறுபடி மாட்டினாள். முள் இப்போதும் ஆடியது. முன்பைவிடக் கொஞ்சம் குறைவு.

“ஒரு தலைமுடியில பத்துல ஒரு பங்குகூட இருக்காதும்மா,” என்றார் பின்னால் நின்ற ஃபோர்மேன்.

“இது உடையறதுக்கு அது போதும் சார்.”

பட்டறையில் அவளுக்கு மைக்ரான் என்று பேர். கதவைச் சாத்தினால்கூடக் குனிந்து இடுக்கைப் பார்ப்பாள் என்று அவள் தம்பியே கிண்டல் செய்வான்.

மேஜையில் இறுக்கியிருந்த எஃகுக் கட்டை மூன்று வார உழைப்பு. அதில் எட்டுத் துளைகள். போல்ட் பிடிக்க எட்டிலும் உள்ளே மரை வெட்டியிருக்க வேண்டும்.

ஏழில்தான் இருந்தது.

எட்டாவதை விட்டுவிட்டு, கட்டையை உலைக்கு அனுப்பி, எஃகு இறுகப் பதமும் ஏற்றிவிட்டார்கள். இனிமேல் சாதாரண டேப்பின் பல் அதில் இறங்காது.

காலையில் ஃபோர்மேன்தான் கண்டுபிடித்தார். மரை வெட்டியவரைக் கூப்பிட்டு, எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதா என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பதினாறு வருஷமாக அங்கே வேலை பார்த்தவர். வாயே திறக்கவில்லை. இனி வர வேண்டாம் என்றதும் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அலமாரியில் இருந்தவை இரண்டே இரண்டு கார்பைடு டேப். இந்தப் பதத்தையும் வெட்டும். ஆனால் வளைந்துகொடுக்கத் தெரியாத ஜாதி. கொஞ்சம் கோணினாலும் கண்ணாடி மாதிரி முறியும். முறிந்த துண்டு துளைக்குள் மாட்டிக்கொண்டால் கட்டையையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

அங்கே அதைப் பிடித்துப் பழகியவள் அவள் ஒருத்திதான்.

முதல் டேப்பை, பதமேற்றிய பழைய எஃகுத் துண்டு ஒன்றில் சோதித்தாள். உடைந்தது. துளை இறுக்கம் என்று தெரிந்தது. கட்டையில் இருந்த எட்டாவது துளையைத் துளியூண்டு அகலப்படுத்தினாள். சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் போனார்கள். அவள் போகவில்லை.

நாலு மணிக்குக் கட்டையை எடுத்துப்போக வண்டி வந்துவிடும்.

“விடும்மா. பார்ட்டிகிட்ட நான் பேசிக்கிறேன். நீ இதுக்குமேல என்ன செய்வ?”

“பத்து நிமிஷம் குடுங்க சார்.”

நாலாவது முறை மாட்டியபோது முள் அசையவில்லை. ஒரு சுற்று முழுக்கக் கையால் சுற்றிப் பார்த்தாள். அசையவே இல்லை.

வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். துளை நிரம்ப எண்ணெய் விட்டாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

டேப் இறங்கியது.

மூன்றாவது சுற்றில் கட்டை முனகியது. அவள் கை தானாகச் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. பொத்தானின் மேலேயே நின்றது.

நிறுத்தினால் முறிந்துவிடும். பாதி வழியில் நிறுத்துவதைத்தான் கார்பைடு தாங்காது.

அவள் கையை எடுத்து இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டாள். ஐந்து. ஆறு. முனகல் ஒரே சீராக மாறியது. எண்ணெயில் கறுப்பாக, ஊசி ஊசியாக எஃகுப் பிசிறு மிதந்து வந்தது. பதினொன்று. பன்னிரண்டு. அடியில் வெளியே வந்த டேப் ஒரு கணம் நின்று, எதிர்ப்பக்கம் சுழன்று, போன வழியிலேயே மேலே ஏறியது.

டேப்பில் பல் ஒன்றுகூடப் போகவில்லை.

அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள்.

அளவு பார்க்கும் கேஜை எடுத்துத் துளையில் வைத்துத் திருகினாள். ஒரு முனை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. போகக் கூடாத மறுமுனை வாசலிலேயே நின்றது. ஃபோர்மேன் நம்பாமல் தானும் ஒருமுறை திருகிப் பார்த்தார்.

“சாதிச்சுட்டம்மா. அந்த ஆளு செஞ்ச வேலைக்கு, பாவம், நீ பட்டினி கிடந்திருக்க.”

அவள் கையைத் துடைத்தாள். கோட்டுப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக் கட்டையின் மேல் விரித்து வைத்தாள். கட்டையோடு போன வேலைச்சீட்டு. மரை வெட்ட வேண்டிய துளைகள் ஏழு என்று போட்டிருந்தது. எழுத்து அவளுடையது.

ஃபோர்மேன் அதை இரண்டு தடவை படித்தார்.

“இது எப்படி உன்கிட்ட வந்துச்சு?”

“காலையில நீங்க அனுப்பிச்ச அண்ணன்தான் போறப்போ என் கையில திணிச்சுட்டுப் போனாரு சார். இப்ப சொல்லி நீங்களும் வெளிய வந்துடாதீங்க, முதல்ல மரையைப் போடுங்கன்னாரு.”